கஞ்சி போட்ட தலைப்பாகை

மனிதனுக்குத் தன் உச்சந்தலையைத் தானே பார்த்துக்கொள்ளும் வசதி கிடையாது. முகத்தைப் பார்க்கக் கண்ணாடி இருக்கிறது. முதுகைக்கூட இரண்டு கண்ணாடிகளை எதிரெதிரே வைத்து ஒருமாதிரி பார்த்துவிடலாம். உச்சந்தலை மட்டும் முழுக்க முழுக்க ஊராருக்குச் சொந்தம். என் உச்சந்தலையில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரிவதற்கு முன்பே, தேக்காவில் ஒரு நாவிதருக்கும் அவர் கடையில் காத்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது.

அதுவரை குடுமி வைத்திருந்தேன். கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா வேலை கிடைத்ததும், துரைமார் நடமாடும் இடத்தில் குடுமியோடு உட்காருவது சரியாக இருக்காது என்று எனக்கே தோன்றிவிட்டது. (துரை ஒன்றும் சொல்லவில்லை. அவர் என் தலையை ஏறெடுத்துப் பார்த்ததே இல்லை. எல்லாம் நானாகச் செய்துகொண்டது.) கிராப்பு வெட்டப் போனேன். பாதி வெட்டியதும் நாவிதர் கத்திரியை நிறுத்தினார். விரலால் என் தலையில் ஓரிடத்தைத் தொட்டார், பக்கத்திலேயே இன்னோரிடத்தைத் தொட்டார். பிறகு கடை முழுக்கக் கேட்கும்படி, "தம்பிக்கு ரெட்டைச் சுழி. ரெண்டு பொண்டாட்டி யோகம்" என்றார். காத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். ஒரு பெண்டாட்டிக்கே வழி தெரியாமல் அலைந்துகொண்டிருந்த எனக்கு அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

வேடிக்கை வினையானது வீராசாமியின் குதிரைக் கொட்டடியில்.

சிராங்கூன் ரோட்டில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்திருந்த புதிது. இருந்தாலும் கல்யாணம், ஊர்வலம் என்றால் ஜனங்களுக்குக் குதிரைவண்டிதான் வேண்டியிருந்தது. அந்த வண்டிகளை வாடகைக்கு விடுகிறவர் வீராசாமி. அவருடைய வீடும் கொட்டடியும் ஒரே வளவுக்குள் இருந்தன. நான் தினமும் காலையில் அந்த வழியாக வேலைக்குப் போவேன். போகும்போது உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் கேட்கும். "நேத்து ராத்திரி தின்னது எங்க போச்சு? வெக்கமா இல்ல உனக்கு?" என்று அது யாரையோ அதட்டும். அவள் புருஷன் பாவம் என்று நினைத்துக்கொண்டு நடப்பேன். ஒருநாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அதட்டு வாங்கிக்கொண்டிருந்தது ஒரு குதிரை. அதுவும் உண்மையிலேயே வெட்கப்பட்ட மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. அதட்டியவள் வீராசாமியின் ஒரே மகள் பாக்கியம். தாயில்லாத பெண். கொள்ளு, புல், வண்டி, அப்பா எல்லாவற்றையும் அவள்தான் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வேலியைப் பிடித்திருந்த கையை எடுக்க மறந்து, டிராமைத் தவறவிட்டு, துரையிடம் திட்டு வாங்கினேன். அதற்குப் பிறகு அடிக்கடி திட்டு வாங்கினேன்.

எனக்குத் தாய் தகப்பன் இல்லை. அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா புருஷன், என் அத்தான், எருமைத் தொழுவங்களுக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். உலகத்தில் எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் ஒரு யோசனை இருக்கும். அந்த யோசனையால் வரும் சிக்கலுக்கும் இன்னொன்று இருக்கும். என் மனசு தெரிந்ததும் அவரே வீராசாமியிடம் பேசப் போனார். திரும்பி வரும்போது முகம் வாடியிருந்தது.

வீராசாமி ஜாதகம் கேட்கவில்லையாம். சம்பளம்கூடக் கேட்கவில்லையாம். "பையனுக்குச் சுழி எப்படி?" என்று கேட்டாராம்.

வீராசாமியின் சுழி நம்பிக்கை சிராங்கூன் ரோடு முழுக்கத் தெரிந்த விஷயம். குதிரை உடம்பில் ரோமம் எங்கே எப்படிச் சுழித்திருக்கிறது என்று பார்க்காமல் அவர் கயிற்றைத் தொடமாட்டார். முதுகில் பாடைச் சுழி இருந்தால் வாங்கியவன் பாடையில் போவான். காலில் விலங்குச் சுழி இருந்தால் ஜெயிலுக்குப் போவான். பந்தயத் திடலில் ஓடி ஜெயித்த ஒரு ஆஸ்திரேலியக் குதிரையைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்று ஒருவர் கெஞ்சியும், கழுத்தில் சுழி பிசகி இருக்கிறது என்று திருப்பி அனுப்பியவர் அவர். வாசற்படியில் லாடம் அடித்திருப்பார். குதிரைவால் முடியில் மோதிரம் செய்து போட்டிருப்பார். பேய் பிசாசு மனிதன் கண்ணுக்குத் தெரியாது, குதிரை கண்ணுக்குத் தெரியும் என்பதால், குதிரை நகர மறுத்தால் அந்தத் தெருவில் சவாரியே வேண்டாம் என்று வண்டியைத் திருப்பிவிடுவார். (வண்டிக்குள் இருப்பவர் கல்யாண மாப்பிள்ளையாகவே இருந்தாலும் சரி.)

அத்தான் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலைப்பாகை என்றார். பெண் பார்க்கப் போகும்போது தலைப்பாகை கட்டிக்கொண்டு போவது, தாலி கட்டும்வரை மாப்பிள்ளை தலையைத் திறந்து காட்டக்கூடாது என்பது எங்கள் குல வழக்கம் என்று சொல்லிவிடுவது. அப்படி ஒரு வழக்கம் எங்கள் குலத்தில் இருந்ததாக அக்காவுக்குத் தெரியாது. "இன்னையிலேருந்து இருக்குலா" என்றார் அத்தான்.

அக்கா ஒரு நீளமான மல் துணியைச் சோற்றுக் கஞ்சியில் முக்கி எடுத்து வெயிலில் காயப்போட்டாள். காய்ந்ததும் அது அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. அத்தான் அதை என் தலையைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார். கட்டி முடித்ததும் நான் முன்னைவிட ஒரு சாண் உயரம். பின்பக்கம் ஒரு முனை வால் மாதிரி இடுப்புவரை தொங்கியது. காற்றில் பறந்து மானம் போய்விடக் கூடாது என்று, இன்னொரு முனையை அக்கா என் கோட்டுக் காலரோடு சேர்த்துத் தடித்த நூலால் தைத்துவிட்டாள். "இனி உன் தலை போனாத்தான் இது போகும்" என்று பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.

வீராசாமி எங்களை மரியாதையாகத்தான் வரவேற்றார். ஆனால் அவர் பார்வை என்மேல் ஊர்ந்த விதம் எனக்குப் புதிதாக இருந்தது. முறுக்கு கொடுத்து, நான் கடிக்கும்போது பல்லைப் பார்த்தார். "தம்பி, அந்த மரம் வரைக்கும் நடந்துட்டு வாங்களேன், காத்து நல்லா இருக்கும்" என்று சொல்லி, நான் நடக்கும்போது குனிந்து குதிகாலைப் பார்த்தார். கொஞ்சம் வேகமாகவும் நடக்கச் சொன்னார். நடந்தேன். திருப்தியாகத் தலையாட்டினார். கடைசியில் தலைப்பாகையைப் பார்த்தார். அத்தான் குல வழக்கத்தை விளக்கினார். வீராசாமிக்கு அது பிடித்துவிட்டது. வழக்கங்களை மதிக்கிற குடும்பம் என்று சந்தோஷப்பட்டார்.

அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு பலகாரம் தின்றிருக்க வேண்டும். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. எனக்கு உடனே அறிவு வந்துவிட்டது. கொட்டடியில் வாசலோரமாகக் கட்டியிருந்த குதிரையைக் காட்டி, "நாலு காலும் வெள்ளை. பஞ்ச கல்யாணி ஜாதி, பார்த்தாலே தெரியுதே" என்றேன். நாலு காலும் முகமும் வெள்ளையாக இருக்கும் குதிரைக்குத்தான் அந்தப் பெயர், அது இருக்கும் வீட்டில் லட்சுமி இருப்பாள் என்று அத்தான் வழியில் சொல்லிக்கொடுத்திருந்தார்.

வீராசாமி சங்கடத்தோடு, "அது காலையிலே சுண்ணாம்புக் குழியில இறங்கிட்டுது தம்பி" என்றார்.

கதவுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். ஆனாலும் எனக்குக் குதிரை மேல் இருந்த ஆசையை அவர் மெச்சினார். நிஜமான பஞ்ச கல்யாணியைக் காட்டுகிறேன் என்று உள்ளே போய், தாம்புக்கயிறுகூட இல்லாமல், தோளில் தட்டியே ஒரு குதிரையை அழைத்து வந்தார். கல்யாணி. செம்பழுப்பு உடம்பு, நெற்றியிலிருந்து மூக்குவரை வெள்ளை, நாலு காலிலும் முழங்கால் வரை வெள்ளை. வேலிக்கு மேலாக நான் பார்த்தபோது அதட்டு வாங்கிக்கொண்டிருந்தது இவள்தான். கல்யாண ஊர்வலத்துக்கு இவள் வேண்டும் என்று செட்டிமார், மரைக்காயர்மார், சீனத் தௌக்கே முதலாளிமார் எல்லாரும் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். வீராசாமி அவளைக் குதிரை என்றே சொல்வதில்லை. "இவ இருக்கிற வரைக்கும் டிராம் என்ன, மோட்டார் வந்தாலும் எனக்குக் கவலை இல்லை" என்றார்.

இந்த முறை உளறக் கூடாது என்று நான் கைகட்டி நின்றேன். கல்யாணி என் பின்னால் வந்து நின்றாள். கஞ்சி வாசனை அவளை இழுத்திருக்கிறது. என் முதுகில் தொங்கிய வாலை வாயில் வைத்து மெல்ல ஆரம்பித்தாள். எனக்குத் தெரியவில்லை. அத்தானுக்குத் தெரிந்தது. அவர் வீராசாமிக்குத் தெரியாமல் கண்ணால் எனக்கு ஜாடை காட்டினார். பெண் வந்துவிட்டாள் என்று சொல்கிறாராக்கும் என்று நினைத்து நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் டிராம் மணியடித்துக்கொண்டு போனது.

கல்யாணி மிரண்டாள். வாயில் இருந்ததை விடாமல், திறந்திருந்த வாசல் வழியாக ரோட்டுக்குப் பாய்ந்தாள். என் தலையில் இருந்த துணி சரசரவென்று பிரிந்து அவளோடு போனது. நான் பம்பரம் மாதிரி சுற்றினேன். கடைசிச் சுற்றும் பிரிந்ததும் ஒரு வினாடி நிம்மதியாக இருந்தது. அடுத்த வினாடி கோட்டுக் காலர் என் தொண்டையை இறுக்கியது. அக்காவின் தையல் அப்படி.

ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை. சிராங்கூன் ரோட்டின் நடுவே முன்னால் கல்யாணி, பின்னால் நான், இடையில் விறைப்பாக மல் துணி. டிராமில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ரிக்‌ஷாக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கோயிலில் பூசை நேரம், மேளம் கொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற பெண்கள் ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ஒரு அம்மாள் என்மேல் பூப் போட்டாள். நான் நில்லு நில்லு என்று கத்தினேன். கல்யாணிக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ஆனால் என் பேச்சை அவள் மதிக்கவில்லை. அதற்குப் பிறகும் மதித்ததில்லை.

எருமைகள் புரளும் சேற்றுக்குட்டையைக் கண்டதும் அவள் டக்கென்று நின்றுவிட்டாள். எனக்கு அப்படி நிற்கத் தெரியவில்லை.

சேற்றிலிருந்து நான் எழுந்தபோது தலைமுதல் கால்வரை ஒரே நிறமாக இருந்தேன். பிடிமானத்துக்கு எதையாவது பிடிக்க வேண்டுமே என்று கல்யாணியின் பிடரிமயிரைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் வீராசாமி மூச்சிரைக்க ஓடிவந்தார். அவர் முதலில் கண்டது, ஓடிப்போன தன் குதிரையைச் சேற்றில் விழுந்தும் விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு வீரனை. கல்யாணியின் ஒவ்வொரு காலையும் தடவிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு என் சேற்றுக் கையைப் பிடித்து, டிராம் தண்டவாளத்தில் கால் மாட்டியிருந்தால் தன் பிழைப்பே போயிருக்கும், உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிவிட்டீர்கள் என்று தழுதழுத்தார். நான் அடக்கமாகத் தலை குனிந்தேன். (வேறென்ன செய்ய? கழுத்தில் இன்னும் துணி இறுக்கியிருந்தது. பேச வரவில்லை.) பின்னால் ஓடிவந்த அத்தான், "சின்ன வயசுலேருந்தே இவன் இப்படித்தான்" என்று சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது.

திரும்பி வரும் வழியிலேயே வீராசாமி சம்பந்தத்தை முடித்துவிட்டார். வளவுக்குள் நுழைந்ததும் என்னைக் கிணற்றடிக் கல்லில் உட்காரவைத்து, மாப்பிள்ளைக்குத் தானே தலைக்கு ஊற்றுவேன் என்று வாளியை எடுத்தார். வேண்டாம், தண்ணீர் ஆகாது, சளி பிடிக்கும் என்று அத்தான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். வீராசாமி கேட்கவில்லை. குதிரை தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்து, பழக்கப்பட்ட கையால் என் தலையை வட்டம் வட்டமாகத் தேய்த்தார். சேறு கரைந்து ஓடியது. பிரஷ் மெதுவானது. நின்றது.

"ஒண்ணு" என்றார். இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். "ரெண்டு."

அத்தான் தென்னை மரத்தில் எத்தனை குலை இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குத்தான் தலைப்பாகையா தம்பி?"

ஆமாம் என்றேன். பொய் சொல்ல அப்போது என்னிடம் தலைப்பாகையும் இல்லை, தைரியமும் இல்லை. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வாளியைக் கவிழ்த்துப்போட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"நான் கோவப்படல. எனக்குப் பயம். முன்னாடி ஒரு குதிரை வாங்கினேன். மார்ல பெண்டிழந்தான் சுழி. கூட இருந்தவன் வேணாம்னான். மலிவா வருதுன்னு நான் வாங்கிட்டேன். அந்த வருசமே காய்ச்சல்ல இவ ஆத்தா போயிட்டா. குதிரையைச் சுவா சூ காங்கில ஒரு மிளகுத் தோட்டத்துக்கு ஓட்டிவிட்டேன். போனவ போனவதான். இப்ப ரெண்டு தாரம்னு எழுதியிருக்கிற தலைக்கு என் மகளை எப்படிக் கொடுப்பேன்? மொதத் தாரத்துக்கு ஏதாவது ஆனாத்தானே ரெண்டாவது வரும்?"

அதற்கு முன் அவருடைய சுழிகளைப் பற்றி ஊரோடு சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன். அப்போது சிரிப்பு வரவில்லை. நான் எழுந்தேன். அவர் பயப்படுவது நியாயம், நான் போகிறேன் என்றேன். போயிருப்பேன். ஆனால் காலரில் தைத்த துணியின் மறுமுனை இன்னும் கல்யாணியின் வாயில் இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் இழுபட்டு நின்றேன்.

பாக்கியம் துண்டோடு வெளியே வந்தாள். சிரித்துச் சிரித்து அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் அப்பாவிடம் பேசியபோது குரலில் சிரிப்பு இல்லை.

"அப்பா, ரெண்டு தாரம்னா நான் ஏன் மொதத் தாரமா இருக்கணும்?"

வீராசாமிக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

"இவருக்கு மொதக் கல்யாணம் இப்பத்தான் ஆச்சு. கோயில் வாசல்ல, மேளத்தோட. ஊரே நின்னு பார்த்துச்சு. ஒரு அம்மா பூவும் போட்டாங்களாம். முடிச்சைப் பாருங்க, அவளும் விடல, இவரும் விடல." அவள் கல்யாணியைக் காட்டினாள். "மூத்தவ நல்லாத்தான் இருக்கா. அவளுக்கு ஒண்ணும் ஆகல. நான் ரெண்டாவதா வந்துக்கறேன்."

இதைக் கேட்டு வேறு எந்தத் தகப்பனும் சிரித்திருப்பார், அல்லது அடித்திருப்பார். வீராசாமி யோசித்தார். அவர் நம்பிக்கையில் அரைகுறை என்று எதுவும் கிடையாது. எழுந்து போய்த் துணியை முனைமுதல் முனைவரை தடவிப் பார்த்தார். முடிச்சு என் எந்தத் தோளில் இருக்கிறது என்று பார்த்தார். நடந்த நேரம் ராகுகாலமா என்று அத்தானிடம் விசாரித்தார். இல்லை என்று அத்தான் அடித்துச் சொன்னார். (அவரிடம் கடிகாரமே கிடையாது.) கடைசியில் கல்யாணியின் எதிரே போய் நின்று, மகளைக் கட்டிக்கொடுக்கும் தகப்பனின் குரலில், "உனக்குச் சம்மதமா தாயி?" என்று கேட்டார்.

அவள் துணியை வாயிலிருந்து விட்டுவிட்டுக் கனைத்தாள். குதிரை கனைப்பது நல்ல சகுனம். வெற்றிலைத் தட்டு வந்தது.

ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மூத்தவளுக்கு உரிய மரியாதையை நான் குறைவில்லாமல் செய்ய வேண்டும். செய்தேன். எங்கள் கல்யாணத்தில் முதல் மாலை கல்யாணிக்குத்தான். பாதியைத் தின்றாள். தீபாவளிக்கு முதல் துணி அவளுக்கு, பொங்கலுக்கு முதல் கரும்பு அவளுக்கு. மாமனார் அதற்கப்புறம் என் தலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பாக்கியத்துக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் ராத்திரி பகல் பார்க்காமல் வந்து உட்கார்ந்துகொள்வார். அவள் எழுந்து நடமாடிய பிறகுதான் போவார். ஒவ்வொரு தடவையும் எழுந்து நடமாடினாள். அவர் முகத்தில் இருந்த அந்தப் பயம் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்ததை நான் பார்த்தேன்.

வீட்டில் எனக்குத்தான் விடிவில்லை. குழம்பில் உப்புக் குறைகிறது என்றால், "மூத்தவகிட்டப் போய்ச் சொல்லுங்க" என்பாள் பாக்கியம். பிள்ளைகள் பேச ஆரம்பித்ததும் கல்யாணியைப் பெரியம்மா என்றே கூப்பிட்டார்கள். "அப்பா பெரியம்மா வீட்டுல இருக்காரு" என்று என் பெரிய மகள், சம்பளப் பாக்கி கொடுக்க வந்த ஆபீஸ் பியூனிடம் சொல்லி, ஆபீஸ் முழுக்க என்னை ஒருமாதிரி பார்த்தது தனிக்கதை.

அந்த மகளுக்கே கல்யாணம் வந்தது. அதற்குள் மோட்டார் கார்கள் நிறைய வந்துவிட்டன. கல்யாணிக்கும் வயதாகிவிட்டது. வண்டி இழுப்பதில்லை. பூமாலையும் நெற்றிப்பொட்டுமாக வாசலில் சும்மா நிற்பாள். பிள்ளைகள் பெரியம்மாவுக்குப் பாயசம், பெரியம்மாவுக்குப் பாயசம் என்று ஓடுவதைக் கேட்ட சம்பந்தியம்மாள், பாக்கியத்தைத் தனியாக அழைத்துப்போய், மாப்பிள்ளை வீட்டாருக்கு ஏன் சொல்லவில்லை, உங்கள் வீட்டுக்காரருக்கு இரண்டு சம்சாரமா என்று கவலையோடு கேட்டார்.

"ஆமா" என்றாள் பாக்கியம். "மூத்தவங்க வாசல்ல நிக்கிறாங்க. போய்ப் பார்த்துட்டு வாங்க."

சம்பந்தியம்மாள் போனார். வெகு நேரம் கழித்துத் திரும்பி வந்தார். கையில் கொண்டுபோயிருந்த வெற்றிலையில் ஒன்றும் மிச்சமில்லை. பாக்கியத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, அவர் சொன்னதைத்தான் எங்கள் வீட்டில் இன்றைக்கும் எந்தக் கல்யாணத்திலும் யாராவது ஒருவர் சொல்லாமல் விடுவதில்லை.

"நல்ல குணமாத்தான் தெரியறாங்க. உங்க வீட்டுக்காரரைவிடக் கொஞ்சம் களையாவும் இருக்காங்க."